வெளிநாட்டு நீதிமன்றம் கேட்டால் நம் அதிகாரி என்ன செய்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு நாட்டின் முன்னாள் தலைவர் மீது வேறொரு நாட்டில் குற்ற விசாரணை நடக்கிறது. அதற்கு வேண்டிய ஆவணமோ சாட்சியமோ மூன்றாவது நாடொன்றின் அரசு அலுவலகத்தில் கிடக்கிறது. அந்த அலுவலகத்தில் பணிபுரிபவர் ஒத்துழைக்கலாமா, ஒத்துழைப்பதென்றால் எந்த வழியில், மறுப்பதென்றால் எந்தக் காரணத்தைக் காட்டி என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கேட்டவுடன் இது தில்லியிலும் ஜெனீவாவிலும் பேச வேண்டிய விஷயம், தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இதில் என்ன வேலை என்று தோன்றும். இவ்விரு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன என்பதை நினைத்தால் அந்த எண்ணம் மாறும். 1983-க்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்கள் மண்டபத்தில் பதிவு செய்யப்பட்டு, அங்கிருந்து மாநிலமெங்கும் உள்ள முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தத் தேதியில், குடும்பத்தில் எத்தனை பேராக வந்தார்கள் என்ற விவரம் வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கிறது; மாதந்தோறும் பணக்கொடை வழங்கும் பட்டியல் இருக்கிறது; மாநிலக் காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவிடம் தனிக் கோப்பு இருக்கிறது; காயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த அரசு மருத்துவமனையின் குறிப்பும் எங்காவது இருக்கக்கூடும்.

இலங்கையின் முன்னாள் ஆட்சியாளர்கள் மீது வெளிநாடுகளில் சட்ட நடவடிக்கை எடுக்கும் முயற்சியும் புதிதன்று. 2019-இல் கோத்தபய ராஜபக்ச மீது அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உரிமையியல் வழக்குகள் தொடரப்பட்டன. 2022-இல் அவர் பதவியை விட்டோடிச் சிங்கப்பூரில் தங்கியிருந்தபோது, அந்நாட்டின் தலைமை வழக்கறிஞரிடம் குற்றப் புகார் அளிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம், எதிர்கால வழக்குகளுக்காகச் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமை உயர் ஆணையரின் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. ஆகவே, ஐரோப்பிய நாடொன்றின் விசாரணை நீதிபதி, இன்ன ஆண்டில் இன்ன காயத்தோடு வந்த இன்னாரின் பதிவுக் குறிப்பு வேண்டும் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட்டாட்சியர் ஒருவருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன வழக்குகள் நடந்தவை. இந்தக் கடிதம் மட்டும் ஒப்பீட்டுக்காக நான் எண்ணிக்கொண்டது.

வட்டாட்சியர் முன் நான்கு வழிகள் உள்ளன. தாமே பதில் எழுதலாம். மறுக்கலாம், அல்லது பதிலே எழுதாமல் இருந்துவிடலாம். மத்திய அரசு வழியாக முறைப்படி வரச் சொல்லி, வந்த பிறகு நீதித்துறை நடுவர் முன் ஆவணத்தை வைக்கலாம். நான்காவது வழி அவர் கையில் முழுவதும் இல்லாதது: கேட்பதற்கு முன்பே அரசு தன் ஆவணங்களைத் திறந்துவிடுவது, அல்லது தானே விசாரித்துவிடுவது.

முதல் வழியில் வேகம் உண்டு. உண்மை தெரிந்தவர் உண்மையைச் சொல்கிறார், நடுவில் எவரும் இல்லை. ஆனால் மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 10-ஆம் விதி, முன் அனுமதியின்றி எந்த நபரோ குழுவோ அதிகார அமைப்போ நடத்தும் விசாரணையிலும் சாட்சியம் அளிக்கக் கூடாது என்கிறது. நீதிமன்ற விசாரணைக்கு அந்த விதி விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு வெளிநாட்டு நீதிமன்றத்துக்கும் பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞர் வாதிடலாம். இந்திய நீதிமன்றத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றுதான் துறை வாதிடும். அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்கு 1968-ஆம் ஆண்டு விதிகளும், மாநில ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நடத்தை விதிகளும் உள்ளன. இவற்றுக்கெல்லாம் மேலே 1923-ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் நிற்கிறது. நம் அலுவலகங்களில் விதியின் வாசகத்தைவிட ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்கும் 17(பி) குறிப்பாணை என்ற சொல்லுக்கு அச்சம் அதிகம். பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நேரத்தில் அப்படியொரு குறிப்பாணை நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்பது ஊழியர் எவருக்கும் தெரியும்.

இந்த வழியில் துணிந்து சென்றவர்களில் இந்திய வாசகர்களுக்கு நெருக்கமானவர் சுவீடன் நாட்டுக் காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். 1986 மார்ச்சில் இந்தியா போபர்ஸ் நிறுவனத்துடன் 1,437 கோடி ரூபாய்க்குப் பீரங்கி ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி, அதில் கையூட்டு தரப்பட்டது என்று சுவீடன் வானொலி அறிவித்தது. அந்நாட்டில் விசாரணையை நடத்திக்கொண்டிருந்த லிண்ட்ஸ்ட்ரோம், தம் நாட்டிலும் இந்தியாவிலும் உண்மை மூடப்படுகிறது என்ற முடிவுக்கு வந்து, ஆவணங்களைப் பத்திரிகையாளர் சித்ரா சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். கொடுத்தவர் தாம்தான் என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2012-இல். கால் நூற்றாண்டுக்குப் பிறகு. அப்போது அவர் சொன்ன இன்னொன்றை நம் ஊர்ப் பேச்சில் பலர் விட்டுவிடுகிறார்கள். ராஜீவ் காந்தி பணம் பெற்றார் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, ஆனால் மூடி மறைக்கும் வேலையை அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் என்பதே அவருடைய கூற்று. ஆவணத்தை நேரில் கண்ட அதிகாரி வாய் திறக்கும்போது குற்றச்சாட்டின் எல்லையும் இவ்வாறு துலங்குகிறது. அவர் பேசாமல் இருக்கும்வரை வதந்தி அந்த எல்லையை நிரப்பிக்கொள்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், முகாம் பதிவேட்டைப் பொறுத்தவரை முதல் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவேட்டின் ஒரு பக்கத்தை நினைத்துப் பாருங்கள்: குடும்பத் தலைவர் பெயர், மனைவி மக்கள் பெயர், சொந்த ஊர், வந்த தேதி. அதில் பெயர் உள்ளவரின் அண்ணனோ தாயோ இன்னும் வவுனியாவிலோ மன்னாரிலோ வாழ்ந்துகொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதிகாரி நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் அது யார் யார் கைக்குப் போகும் என்பதற்கு அவரால் உறுதி கூற முடியாது. சாட்சியத்தின் மதிப்பும் குறைகிறது. எங்கிருந்து வந்தது, யார் சான்றளித்தார்கள் என்ற விவரம் இல்லாத நகலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளிலேயே வீழ்த்திவிடுவார். முறையான வழிக்கு வெளியே செய்வதைக் குற்றமாகவே கருதும் நாடுகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் தண்டனைச் சட்டம் 271-ஆம் பிரிவில், அந்நாட்டு மண்ணில் அனுமதியின்றி வெளிநாட்டு அரசுக்காக அதிகாரச் செயல்களைச் செய்வதற்குத் தண்டனை விதிக்கிறது. வங்கி இரகசியத்தைக் காப்பதற்காக மட்டும் வந்த விதி என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தன் மண்ணில் நடக்கும் விசாரணைக்குத் தானே பொறுப்பு என்று ஒரு நாடு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வழி மறுப்பும் மௌனமும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு என்பதே என் எண்ணம். இந்த ஒப்பீட்டில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதையே. காரணத்தை எழுத்தில் தந்து மறுப்பது சட்டம் அனுமதிக்கும் செயல். 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் திருத்தப்பட்ட இந்திய வங்கதேச ஒப்படைப்பு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அதன் 6-ஆவது பிரிவு அரசியல் தன்மை கொண்ட குற்றத்துக்காக ஒப்படைக்க மறுக்கலாம் என்கிறது, ஆனால் கொலை போன்றவற்றை அந்தச் சலுகையிலிருந்து நீக்கிவிடுகிறது. 8-ஆவது பிரிவு, குற்றச்சாட்டு நல்லெண்ணத்தோடு வைக்கப்படவில்லை என்றால் மறுக்க இடம் தருகிறது. 2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தில்லிக்கு வந்து சேர்ந்த வங்கதேச முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவை ஒப்படைக்குமாறு அதே ஆண்டு டிசம்பரில் டாக்கா கேட்டது. 2025 நவம்பர் 17-இல் அங்குள்ள தீர்ப்பாயம் அவர் இல்லாமலேயே மரண தண்டனை விதித்தது. இத்தகைய கோரிக்கைக்கு இந்தியா ஒப்பந்தத்தின் ஏதேனும் ஒரு பிரிவைக் காட்டி மறுக்கிறது என்றால், அந்தக் காரணத்தைப் பிறர் ஆராயலாம், ஏற்கலாம், எதிர்க்கலாம்.

மௌனத்தின் கதை வேறு. மலேசியாவில் நஜிப் ரசாக் பிரதமராக இருந்தபோது, 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியத்தின் பணம் குறித்து உள்நாட்டில் விசாரித்துவந்த தலைமை வழக்கறிஞர் அப்துல் கனி பட்டாயில் 2015 ஜூலையில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் 2016 ஜனவரியில் நஜிப் மீது குற்றமில்லை என்று கோப்பை மூடினார். சுவிட்சர்லாந்து அனுப்பிய சட்ட உதவிக் கோரிக்கைக்கும் கோலாலம்பூர் ஒத்துழைக்க மறுத்தது. 2018 மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியது; கதவுகள் திறந்தன; 2020 ஜூலையில் நஜிப்புக்குத் தண்டனை விதிக்கப்பட்டது; 2022 ஆகஸ்டில் அவர் சிறைக்குப் போனார். மறுத்த காலத்திலும் ஆவணங்கள் அழியவில்லை, அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் சுவிட்சர்லாந்திலும் வங்கிக் கணக்குகள் இருந்தன. தலைவரைக் காப்பதற்காக மறுத்தவர்கள் அவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளை மட்டுமே வாங்கித் தந்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. 1992 தொடக்கத்தில் தாவோஸ் மாநாட்டுக்குச் சென்ற வெளியுறவு அமைச்சர் மாதவ்சிங் சோலங்கி, சுவிட்சர்லாந்து வெளியுறவு அமைச்சர் ரெனே ஃபெல்பெரிடம் ஒரு தாளைக் கொடுத்தார். போபர்ஸ் விசாரணையில் வேகம் வேண்டாம் என்ற பொருளில் அந்தத் தாள் இருந்தது. ஒருபுறம் இந்தியாவின் மத்தியப் புலனாய்வுத் துறை உதவி கேட்டுக்கொண்டிருக்க, மறுபுறம் இந்தியாவின் அமைச்சரே உதவ வேண்டாம் என்கிறார். செய்தி வெளியானதும் நாடாளுமன்றம் கொந்தளித்தது, மார்ச் இறுதியில் அவர் பதவி விலகினார். கையெழுத்தும் கோப்பு எண்ணும் இல்லாத தாளுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வழி நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. மத்தியப் புலனாய்வுத் துறை போபர்ஸ் விசாரணையைத் தொடங்கிய அதே 1990-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 166ஏ, 166பி என்ற இரு பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முதலாவது நாம் பிற நாட்டிடம் கேட்பதற்கு, இரண்டாவது பிற நாடு நம்மிடம் கேட்பதற்கு. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 112, 113-ஆம் பிரிவுகளாக உள்ளன. இத்தகைய கோரிக்கைக் கடிதத்தை நீதிமன்ற வட்டாரத்தில் இன்றும் ‘லெட்டர் ரோகடரி’ என்றால்தான் புரியும்.

113-ஆம் பிரிவின்படி நம் வட்டாட்சியரின் வழக்கு எப்படி நகரும் என்று பார்ப்போம். வெளிநாட்டு நீதிமன்றத்தின் கடிதம் நேரே கிருஷ்ணகிரிக்கு வராது. அது மத்திய அரசுக்குப் போகும்; இத்தகைய சட்ட உதவிக்கு மைய அமைப்பாக இருப்பது உள்துறை அமைச்சகம். மத்திய அரசு தகுந்தது என்று கருதினால் அதை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம், அல்லது காவல் அதிகாரிக்கு அனுப்பலாம். நடுவருக்கு வந்தால், அவர் உரியவருக்கு அழைப்பாணை அனுப்பி வாக்குமூலத்தைப் பதிவு செய்வார், ஆவணத்தைக் கொண்டுவரச் செய்வார். காவல் அதிகாரிக்கு வந்தால், குற்றம் இந்தியாவிலேயே நடந்ததுபோல் அவர் விசாரிப்பார். திரட்டியவை வந்த வழியே மத்திய அரசு மூலம் திரும்பிப் போகும்.

அதிகாரிக்கு இந்த வழி தரும் பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் ஒரு நடுவர் அனுப்பிய அழைப்பாணைக்குப் பணிந்து பதிவேட்டோடு போய் நிற்கும் வட்டாட்சியர் மீது எந்தத் துறையும் குறிப்பாணை அனுப்ப முடியாது. நகல் சான்றளிக்கப்பட்டதாக இருக்கும். எந்தப் பெயரை மறைக்க வேண்டும், எந்தப் பக்கத்தைத் தர வேண்டாம் என்பதை நடுவரிடம் எடுத்துச் சொல்லவும் இடம் கிடைக்கும். அரசின் வெளியிடப்படாத பதிவுகளுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பைத் துறைத் தலைவர் கோரலாம். அந்தக் கோரிக்கையும் பதிவாகும்.

குறை எங்கே என்றால், ‘தகுந்தது என்று கருதினால்’ என்ற சொற்களில். மத்திய அரசு அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமோ, இத்தனை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற வரம்போ அந்தப் பிரிவில் இல்லை. 46/1 தீர்மானத்தின்மீது 2021-இல் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அதே விஷயத்தில் 2012-இலும் 2013-இலும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்த நாடு அது. வெளியுறவின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் கோப்பு நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறி வேண்டியதில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் இத்தகைய வழக்குகளில் ஒன்றுக்கொன்று உதவக் கடமைப்பட்டவை. அந்தக் கடமை நம்மைக் கட்டுவதில்லை. ஊழலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை மட்டும் 2011-இல் ஏற்றுக்கொண்டோம். எனவே ஒரு முன்னாள் தலைவரின் திருட்டுப் பணத்தைத் தேடி வரும் கடிதத்துக்கு இருக்கும் வலு, அதே தலைவரின் ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளானவரைத் தேடி வரும் கடிதத்துக்கு இல்லை. முகாமில் இருப்பவருக்கு இதைச் சொல்லி விளங்க வைப்பது கடினம்.

காலதாமதமும் பொருட்படுத்த வேண்டியது. போபர்ஸ் வங்கி ஆவணங்களுக்காக 1990 பிப்ரவரியில் நாம் அனுப்பிய கடிதத்துக்கு, கணக்கு வைத்திருந்தவர்களின் மேல்முறையீடுகளைத் தாண்டி, 1997 ஜனவரியில்தான் சுவிட்சர்லாந்திலிருந்து முதல் தொகுதி ஆவணங்கள் வந்தன. ராஜீவ் காந்தி இறந்து ஐந்தரை ஆண்டுகள் கடந்திருந்தன. 2004 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் அவர்மீதான கையூட்டுக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. முறையான வழி என்பது சாட்சிகளின் ஆயுளோடு போட்டியிடும் வழியாகவும் இருக்கிறது.

நான்காவது வழிக்கு வருகிறேன். இதில் விவாதிக்க மற்றவற்றைவிட அதிகம் இருக்கிறது. 1998 அக்டோபர் 16-ஆம் தேதி, சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானார். ஆணை பிறப்பித்தவர் ஸ்பெயின் நாட்டு நீதிபதி பால்தசார் கார்சோன். அடுத்த பிப்ரவரியில் அமெரிக்க அரசு சிலி தொடர்பான தன் கோப்புகளைத் திறக்குமாறு துறைகளுக்கு ஆணையிட்டது. ஏறத்தாழ 24,000 ஆவணங்கள் படிப்படியாக வெளியாயின. அமெரிக்க அதிகாரி எவரும் மாட்ரிட் சென்று கூண்டில் ஏற வேண்டியிருக்கவில்லை, கோப்பு எல்லோருக்கும் பொதுவாயிற்று. பிரிட்டன் 2000 மார்ச்சில் உடல்நலக் காரணம் காட்டிப் பினோசேயை அனுப்பிவிட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் சிலியின் உச்ச நீதிமன்றம் அவருடைய சட்டக் காப்பை, அதாவது அவர்மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பை, நீக்கியது. வெளிநாட்டு விசாரணை உள்நாட்டு நீதிமன்றத்தை உசுப்பிவிட்டது.

சாட் நாட்டின் கதை நம் பதிவறை எழுத்தர்கள் படிக்க வேண்டியது. அந்நாட்டின் சர்வாதிகாரி ஹிசேன் ஹாப்ரே 1990-இல் ஆட்சியை இழந்து செனகலுக்கு ஓடினார். 2001-இல் தலைநகர் இன்ஜமேனாவில், கைவிடப்பட்ட கட்டடம் ஒன்றில் அவருடைய அரசியல் காவல் துறையின் ஆவணங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. கொடுமை செய்தவர்களே எழுதி வைத்த அந்தத் தாள்களில் 12,321 பேரின் பெயர்களும், காவலில் இறந்த 1,208 பேரின் விவரமும் இருந்தன. புதிய சாட் அரசு 2002-இல் ஹாப்ரேயின் சட்டக் காப்பைத் துறந்து, பெல்ஜியம் நாட்டு விசாரணை நீதிபதியைத் தன் மண்ணில் விசாரிக்க அனுமதித்தது. செனகல் இழுத்தடித்தது. பெல்ஜியம் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது; வழக்குத் தொடு அல்லது ஒப்படை என்று 2012 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கடைசியில் செனகலிலேயே அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2016 மே 30-இல் ஹாப்ரேக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தாள்களை எவரும் எரித்துவிடவில்லை என்ற ஒன்று இல்லாதிருந்தால் இந்த வரலாற்றின் பாதி எழுதப்பட்டிருக்காது.

நம் அலுவலகங்களில் எரிக்க வேண்டிய தேவையே இல்லை. கோப்பை முடிக்கும்போது ‘ஆர்.டிஸ்’ என்று எழுதினால் அது நிலையாகக் காக்கப்படும், ‘எல்.டிஸ்’ என்று எழுதினால் சிறிது காலத்தில் முறைப்படி அழிக்கப்படும். இந்த இரண்டு குறிகளில் எதை இடுவது என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் பிரிவு எழுத்தர். இன்னொரு சிக்கலும் இங்கு உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். 1990-இல் ஊத்தங்கரைப் பக்கம் வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தின் பழைய தாள்களைத் தேடினால், அவை தர்மபுரி ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கலாம், மாவட்டம் பிரிந்தபோது மூட்டையாகக் கட்டிக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போயிருக்கலாம். ஒத்துழைப்பு என்ற பெரிய சொல் கடைசியில் அந்த மூட்டையின் முடிச்சில் வந்து நிற்கிறது.

உள்நாட்டிலேயே விசாரித்துவிட்டால் வெளிநாட்டுக்காரர் ஏன் வர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு விடை தேட அரூர் வட்டத்து வாச்சாத்திக்குப் போனால் போதும். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மாநில அரசு நடந்ததை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்டு 1995-இல் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்த பிறகே வழக்கு உருப்பெற்றது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023-இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு சொன்னது.

வாச்சாத்தியில் வெளிநாடு எதுவும் இல்லை, முன்னாள் தலைவர் எவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. ஆகவே இது நேர் ஒப்புமை ஆகாது. ஆனாலும், தன் துறையைத் தானே விசாரிக்கும் அமைப்பிடம் கிடைக்காத உண்மை, வெளியிலிருந்து வந்த அமைப்பிடம் கிடைத்தது என்பதை இம்மாவட்டம் தன் நீதிமன்றத்திலேயே கண்டது. இங்கு வாழும் ஒருவர், வெளியார் விசாரணை என்றாலே இறையாண்மைக்கு இழுக்கு என்று சொன்னால், அவர் அரூர் பக்கம் போனதில்லை என்றுதான் பொருள்.

ஆளையே ஒப்படைப்பது என்ற ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு. அது மாவட்ட அதிகாரியின் வேலையில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 2001 ஜூன் 28-இல் செர்பிய அரசு முன்னாள் அதிபர் மிலோசெவிச்சை ஹேக் நகரிலிருந்த பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. ஒப்படைக்கும் ஆணையை அரசியலமைப்பு நீதிமன்றம் இடைநிறுத்தியிருந்தும், அதை மீறி அனுப்பியது. மறுநாளே கொடை நாடுகளின் மாநாட்டில் நூறு கோடி டாலருக்கும் மேலான உதவி அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச் 11-இல் பிலிப்பைன்ஸ் காவல்துறை முன்னாள் அதிபர் டுடெர்டேயைக் கைது செய்து அன்றிரவே விமானத்தில் ஏற்றியது; அந்நாடு பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து 2019-இலேயே விலகியிருந்தபோதும், பன்னாட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைக்க இடம் தரும் உள்நாட்டுச் சட்டத்தை அரசு காட்டியது. இரண்டிலும் குற்றம் பெரிதுதான். ஆனால் உள்நாட்டு நீதிமன்றம் முழுதாகக் கேட்டு முடிக்கும் முன்பே விமானம் புறப்பட்டது எனக்கு உவப்பாக இல்லை. இந்தியா பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பு நாடன்று என்பதால் இந்த வழி இப்போது நம் முன் இல்லை.

இனி என் தேர்வு. வட்டாட்சியர் மூன்றாவது வழியையே எடுக்க வேண்டும். ஆனால் அதைக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடும் சாக்காக ஆக்கக் கூடாது. கடிதம் வந்த அன்றே அதற்கு ந.க. எண் என்ற கோப்பு எண்ணை இட வேண்டும். உரிய வழியில் மத்திய உள்துறைக்கு அனுப்புமாறு விசாரணை நீதிபதிக்குக் குறுகிய பதில் எழுத வேண்டும். அதன் நகலை ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். கேட்கப்பட்ட பதிவேடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அந்தக் கோப்பை அழிக்கக் கூடாது என்று குறிப்பெழுதி வைக்க வேண்டும். ‘மேலே கேட்டுக்கொண்டு செய்யலாம், ஐயா’ என்று எழுத்தர் சொல்வது வழக்கம். மேலே கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. இவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. முகாமில் இருப்பவர் தம்மைப் பற்றிய பதிவின் சான்றிட்ட நகலைத் தாமே கேட்டால் அதைத் தர வேண்டும். அவருடைய தேதியையும் காயத்தையும் அவரே எங்கு வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும்; அதில் அரசு இரகசியம் ஏதும் இல்லை. நடைமுறையில் வெளிநாட்டு வழக்குக்கு மிக விரைவாகப் பயன்படக்கூடியதும் இந்தச் சிறிய நகல்தான்.

மத்திய அரசிடம் எதிர்பார்க்க வேண்டியவை இரண்டு: 113-ஆம் பிரிவின் கீழ் வரும் கடிதத்துக்கு ஆறு மாதத்துக்குள் ஆம், இல்லை என்ற முடிவு, இல்லையென்றால் கேட்ட நீதிமன்றத்துக்கு எழுத்தில் காரணம். வெளியுறவு நலன் என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாக ஏற்க முடியாது. விஜய் மல்லையாவையும் நீரவ் மோடியையும் ஒப்படைக்கக் கோரி லண்டன் நீதிமன்றங்களில் நம் அதிகாரிகள் கட்டுக் கட்டாக ஆவணம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கேட்கும் இடத்தில் நிற்கும்போது நமக்குப் பிடிக்காத தாமதத்தை, கொடுக்கும் இடத்தில் நிற்கும்போது நாம் செய்யலாகாது.

ஓய்வு பெற்றவர்களின் நிலை சற்று வேறு. 1990-இல் முகாமில் பதிவு செய்த வருவாய் ஆய்வாளரும் காயத்துக்குக் கட்டுப் போட்ட மருத்துவரும் இன்று பணியில் இருக்க மாட்டார்கள். நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுவதில்லை. அலுவலக இரகசியச் சட்டம் கட்டும். ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கும். அவர்கள் தாமாக வெளிநாட்டு வழக்கறிஞருடன் காணொளியில் பேசுவதைவிட, நடுவரின் அழைப்பாணை வந்தால் சாட்சி சொல்லத் தயார் என்று ஆட்சியருக்கு ஒரு விரைவுத் தபால் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது நல்லது. மத்திய அரசு கடிதத்தை நடுவருக்கு அனுப்பும் நாளில் யாரை அழைப்பது என்று தேட வேண்டியிருக்காது. அனுப்பாமலே விட்டால், சாட்சி இல்லாததால் அனுப்பவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.